வாடகைக் காரும் வடசென்னைப் பட்டறையும்

சொந்தக் கார் வைத்திருந்தவர்களுக்கு முன்னொரு காலத்தில் ஒரு கவலை இருந்தது. தெருவில் நிற்கும் எவரேனும் தம் வண்டியை டாக்ஸி என்று எண்ணிக் கைகாட்டி விடுவாரோ என்பதே அக்கவலை. அதற்காகவே சன்னல்களுக்குத் திரை கட்டினார்கள். இருக்கைகளுக்கு வெள்ளை உறை தைத்தார்கள். கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமான வண்டியின் சாயல் தம் வண்டியில் சிறிதும் விழாதபடி வேறு வண்ணங்களைத் தேடிப் பூசினார்கள். இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. வாடகைக்கு ஓடி ஓய்ந்த பழைய அம்பாஸடரையும் பியட்டையும் தேடி அலைந்து, விலை கொடுத்து வாங்கி, அந்தக் கறுப்பையும் மஞ்சளையும் மீண்டும் பூசி மகிழ்கிறவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். வாங்கியதோடு அவர்கள் நிற்பதில்லை. எஞ்சினை மாற்றுகிறார்கள், பிரேக்கை மாற்றுகிறார்கள், சக்கரத்தையும் இருக்கையையும் மாற்றுகிறார்கள். இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது, அது எவ்வாறு தொழிற்படுகிறது, அதற்கு எதிரே நிற்கும் சிக்கல் யாது என்பவற்றைச் சற்று நோக்குவோம்.

பிற நாடுகளில் டாக்ஸி என்பது பெரும்பாலும் தனிச் சாதி வண்டி. லண்டன் மாநகரில் வாடகை வண்டி இருபத்தைந்து அடி விட்டத்திற்குள் முழுவட்டமாகத் திரும்ப வேண்டும் என்ற விதி 1906ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. அந்த விதிக்காகவே பிறந்தவை போல ஆஸ்டின் கம்பெனியின் டாக்ஸிகள் உருவாயின. 1958இல் வெளிவந்த எப்.எக்ஸ்.4 என்னும் வண்டி 1997 வரை ஏறக்குறைய அதே உருவத்தோடு செய்யப்பட்டு வந்தது. அமெரிக்காவில் செக்கர் என்ற கம்பெனி டாக்ஸிக்கென்றே பருத்த உடலும் அகன்ற கதவும் கொண்ட வண்டிகளைக் கட்டியது. 1982இல் அது கார் செய்வதை நிறுத்திய பிறகும் நியூயார்க் நகரில் கடைசிச் செக்கர் டாக்ஸி 1999 வரை ஓடியது. இவற்றைத் தனியார் வாங்கி வீட்டில் வைத்துப் போற்றும் வழக்கம் அந்நாடுகளில் உண்டு. ஆனால் அங்கே அப்படி வாங்குகிறவர் ஒரு டாக்ஸியைத்தான் வாங்குகிறார். அது வேறெதுவாகவும் ஒருபோதும் இருந்ததில்லை.

நம் நாட்டில் கதை வேறு. அமைச்சர் ஏறியதும் அம்பாஸடர். சந்தைக்கு ஐந்தாறு பேரை ஏற்றிச் சென்றதும் அம்பாஸடர். மருத்துவர் வீட்டு முகப்பில் நின்றதும் பியட். ரயிலடியில் மீட்டர் பொருத்தி நின்றதும் பியட். வண்ணமும் எண் பலகையுமே ஒன்றைப் பெரிய மனிதரின் வண்டியாகவும் மற்றொன்றை வாடகை வண்டியாகவும் ஆக்கின. ஒரே வண்டி இத்தனை வாழ்க்கைகளை வாழ்ந்ததனால்தான் அதனை விரும்புகிறவர்களும் பல திறத்தவராக இருக்கிறார்கள். தாத்தாவின் காரை நினைத்து வாங்குகிறவரும் உண்டு. தந்தை ஓட்டிய டாக்ஸியை நினைத்து வாங்குகிறவரும் உண்டு.

இந்த நிலைமை ஏற்பட்டதற்குக் காரணம் அரசாங்கத்தின் தொழிற்கொள்கை. விடுதலைக்குப் பிறகு, வெளிநாட்டு உறுப்புகளைக் கொண்டுவந்து பூட்டி விற்பது மட்டும் போதாது, வண்டியை இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்தியது. 1950களின் நடுப்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு ஆகிய பெரிய கம்பெனிகள் இந்நாட்டை விட்டுச் சென்றன. எஞ்சி நின்றவை மூன்று. வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி 1957, 58ஐ ஒட்டி அம்பாஸடரை வெளியிட்டது. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இத்தாலிய பியட்டைச் செய்தது. அவ்வண்டியே 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. நம் சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு முதலிய சிறு வண்டிகளைச் செய்தது. பல ஆண்டுகள் இம்மூன்றிலிருந்தே நாடு தன் காரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தேர்வு குறைந்தால் அலுப்பு மிகும் என்று நினைப்போம். அது உண்மைதான். ஆனால் அதனால் விளைந்த நன்மை ஒன்றும் உண்டு. நாடு முழுவதிலும் உள்ள மெக்கானிக்குகள் அனைவரும் அதே இரண்டு மூன்று எஞ்சின்களைக் கழற்றிக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார்கள்.

இங்கே விம்கோ நகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூருக்கு வடக்கே, கடலுக்கும் ரயில் பாதைக்கும் அருகில் உள்ள இப்பகுதி, மேற்கிந்தியத் தீப்பெட்டிக் கம்பெனியின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளால் பெயர் பெற்றது. தீப்பெட்டியால் பெயர் வாய்த்த ஊரானாலும் அதைச் சுற்றியுள்ள வட்டாரம் மோட்டார் வண்டியின் பள்ளிக்கூடமாகவே விளங்கியது. வடக்கே எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1949 முதல் ஆஸ்டின் ஏ40 என்னும் காரை இணைத்து வெளியிட்டது. லண்டனின் டாக்ஸிகளைச் செய்த அதே ஆஸ்டின்தான் இது என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். பின்னர் அக்கம்பெனி காரை விட்டு லாரி, பஸ் ஆகியவற்றின் பக்கம் திரும்பி, 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955இல் என்பீல்டு கம்பெனி சென்னையில் வேர்விட்டது. அதன் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் திருவொற்றியூரில் உருவாயின. இன்று எம்.ஆர்.எப். என்று எல்லோரும் அறிந்த டயர்க் கம்பெனி, 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் இப்படிச் சில மைல் தொலைவுக்குள் செய்யப்பட்டால், அந்த ஊர் இளைஞன் கையில் ஸ்பானர் எப்படி ஏறாதிருக்கும்? ஆலைக்குள் கற்ற தொழில், ஆலைக்கு வெளியே வந்து லேத் பட்டறையாகவும் வெல்டிங் கடையாகவும் டிங்கர் கொட்டகையாகவும் தெருவோரத்தில் பரவியது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும் டிரெய்லர்களும் அந்தப் பட்டறைகளுக்கு ஓயாது வேலை கொடுத்தன. 2021இல் மெட்ரோ ரயிலும் விம்கோ நகரை எட்டிவிட்டது. ஆயினும் இவ்வட்டாரத்தின் சாலைகளில் முதலிடம் இன்னும் லாரிகளுக்கே.

இனி அந்தப் பழைய வண்டியின் அமைப்பைப் பார்ப்போம். அம்பாஸடரின் முன்மூடியைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது வெற்றிடம். எஞ்சினுக்கு இருபுறமும் கை மட்டுமல்ல, ஆளே இறங்கி நிற்கலாம் போலிருக்கும். 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் நடுவே நிற்கிறது. கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் ஆகிய எல்லாம் வெளியே தெரிகின்றன; எதையும் கழற்ற மற்றொன்றைக் கழற்ற வேண்டிய தொல்லை குறைவு. பியட்டின் எஞ்சின் சிறியது, 1089 கன சென்டிமீட்டர், ஆனால் துடிப்பானது. இரண்டிலும் பின்பக்கத்தைத் தாங்குவன மாட்டு வண்டிக்காரரும் புரிந்துகொள்ளக்கூடிய பட்டை வில்கள். கியர்க் கம்பி நெடுங்காலம் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தது. இதனால் முன் இருக்கை ஒரே பலகையாக அமைந்து, ஓட்டுநரோடு இன்னும் இருவர் நெருங்கி அமர இடம் கிடைத்தது. டாக்ஸிக்காரருக்கு இது எத்தகைய வரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

டாக்ஸி வண்டியின் உழைப்பு, வீட்டு வண்டியின் உழைப்பைப் போன்றதன்று. வீட்டுக் கார் ஓராண்டில் ஓடும் தொலைவை அது சில வாரங்களில் ஓடிவிடும். ஆகவே அதன் உறுப்புகள் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். சிலிண்டர் தேய்ந்தால் போரிங் செய்து சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். முன்சக்கரத்தின் புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்து புதியது செய்வார்கள். கம்பெனி உறுப்பு கிடைக்காவிட்டால் புதுப்பேட்டைக்குச் சென்று, உடைத்துப் பிரித்த வண்டியிலிருந்து ஒன்றை எடுத்து வருவார்கள். பத்தாண்டு ஓடிய டாக்ஸியில் ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பது எவ்வளவு என்று கணக்கிட்டால், கூரையும் கதவுச் சட்டமும் தேறலாம்.

வண்டியை மாற்றி அமைப்பது ஏதோ மேனாட்டுப் படம் பார்த்து வந்த இளைஞர்களின் மோகம் என்று பெரியவர்கள் சிலர் கருதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. நம் நாட்டில் காரை முதன்முதலில் துணிந்து மாற்றி அமைத்தவர்கள் டாக்ஸிக்காரர்களே. பெட்ரோல் விலை 1970களில் ஏறியபோது, அம்பாஸடரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு அதன் இடத்தில் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். மாட்டடார் வேனின் டீசல் எஞ்சினைத் தாங்கிய அம்பாஸடர்கள் தென்னாட்டுச் சாலைகளில் ஓடின. கம்பெனியே டீசல் அம்பாஸடரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1980ஐ ஒட்டித்தான்.

இந்த வேலை சொல்லுவதற்கு எளிது, செய்வதற்கு அரிது. டீசல் எஞ்சின் தீப்பொறியால் எரிவதன்று. காற்றை மிகக் கடுமையாக அழுத்துவதனால் உண்டாகும் வெப்பத்தாலேயே அதில் எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் தடித்த இரும்பால் ஆகியிருக்க வேண்டும். ஆகவே அது கனமானது. கனம் முன்பக்கம் ஏறினால் அங்குள்ள முறுக்குக் கம்பிகள் தாழ்ந்து, வண்டி தலை குனிந்து நிற்கும். அவற்றைத் திருகி மீண்டும் உயர்த்த வேண்டும். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழன்று அதிக இழுவை தருவது. பெட்ரோலுக்கென்று அமைந்த கியர்ப் பெட்டியும் பின் அச்சின் பல்விகிதமும் அதற்குப் பொருந்தா. பொருந்தச் செய்யாவிட்டால் எஞ்சின் அலறும், வண்டி நகராது. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே புதிய இணைப்புத் தகடு கடைய வேண்டும். அதன் மையம் ஒரு மயிரிழை பிசகினாலும் கிளட்ச் விரைவில் தேய்ந்துவிடும். போதாக்குறைக்கு டீசலின் அதிர்வு, எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை நைத்துவிடும். இத்தனையையும் வரைபடமின்றி, சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டுக் கணித்துச் செய்தவர்களுக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் பூட்டிய வண்டிகள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடின.

மாற்றி அமைக்கும் ஆசைக்கு மற்றொரு வேரும் வடசென்னைப் பக்கமே இருந்தது. செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. சென்னையில் 1950களில் தோன்றிய மோட்டார் விளையாட்டுக் கழகம் அந்த ஓடுதளத்தில் கார்ப் பந்தயங்களை நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலை அமையும் வரை சோழவரம் என்றால் பந்தயம், பந்தயம் என்றால் சோழவரம். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது அக்காலத்தில் எளிதன்று. ஆகவே தெருவில் ஓடிய அதே பியட்டும் ஹெரால்டும் அம்பாஸடருமே பந்தயத்துக்கு ஆயத்தமாக்கப்பட்டன.

டாக்ஸியாக ஓடும் எஞ்சின் எவ்வாறு பந்தய எஞ்சின் ஆகும்? சிலிண்டர் தலையின் அடிப்பரப்பைச் சிறிது சீவிவிடுவார்கள். அதனால் எரி அறை சிறுக்கிறது. கலவை முன்னிலும் அதிகமாக அழுத்தப்படுகிறது. வெடிப்பின் வேகம் கூடுகிறது. காற்று செல்லும் துளைகளை அரமும் உப்புத்தாளும் கொண்டு தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைப்பார்கள். இருக்கைகளையும் கம்பளத்தையும் கழற்றி எறிந்து எடையைக் குறைப்பார்கள். அளவு மீறிச் சீவிவிட்டாலோ, கலவை தானாகவே முன்கூட்டி வெடித்து பிஸ்டனில் ஓட்டை விழும். எவ்வளவு சீவலாம் என்பதுதான் வித்தை. அந்த வித்தையைக் கற்றவரிடமிருந்து அது பக்கத்துப் பட்டறைக்கும், அங்கிருந்து அடுத்த பட்டறைக்கும் பரவியது. இன்று ஒருவர் தம் பத்மினிக்கு இரட்டைக் கார்புரேட்டர் வைத்து மகிழ்கிறார் என்றால், அவர் அறிந்தோ அறியாமலோ சோழவரத்தின் மாணவர் ஆகிறார்.

காலம் மாறியது. அம்பாஸடரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தின் டாப் கியர் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி உலகின் பல நாட்டு டாக்ஸிகளை ஓட்டிப் பார்த்து அம்பாஸடருக்கே முதலிடம் அளித்திருந்தது. புகழ் வந்த மறு ஆண்டில் உயிர் போயிற்று. மும்பையில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவான பத்மினியே அந்நகரின் கடைசிப் பத்மினி டாக்ஸி. இருபது ஆண்டு வரம்பு முடிந்ததும், 2023 அக்டோபர் 30 முதல் அந்நகரத்துத் தெருக்களில் பத்மினி டாக்ஸி இல்லை. வாடகைத் தொழிலிலிருந்து இவ்வண்டிகள் விலக விலக, தனியாரின் ஆர்வம் அவற்றின் மீது பெருகியது.

இத்தகைய வண்டி ஒன்றை இன்று வாங்குகிறவர் மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருக்க முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. எரிபொருளே மாறிவிட்டது. முற்காலப் பெட்ரோலில் ஈயச் சத்து கலந்திருந்தது. அம்பாஸடரின் பழைய எஞ்சினில் வால்வு அமரும் இடம் சிலிண்டர் தலையின் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது. ஈயம் அங்கே மெல்லிய படலமாகப் படிந்து, வால்வு மோதி மோதித் தேய்க்காதபடி காத்து வந்தது. மக்களின் உடல்நலம் கருதி 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்பட்டு வருகிறது. காப்புப் படலம் போய்விட்டதால் வால்வு தன் இருக்கைக்குள் சிறிது சிறிதாக அமிழ்கிறது. பரிகாரம் என்ன? அந்த இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டுக் கடினமான எஃகு வளையத்தை இறுக்கமாகப் பொருத்த வேண்டும். இப்போதோ பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழங்கால ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் தோலையும் உப்பச் செய்து கெடுக்கிறது, நீரையும் ஈர்க்கிறது. அக்குழாய்களை மாற்றாத வண்டி என்றேனும் நடுத்தெருவில் பெட்ரோல் கசிந்து நிற்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிவது விளையாட்டன்று.

பிரேக்கையும் கவனிக்க வேண்டும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள வண்டி, மாட்டு வண்டியும் சைக்கிளும் மிகுந்த சாலைக்கு உகந்ததாக இருந்தது. முன்னே செல்லும் புதிய கார் சட்டென்று நிற்கும் இக்காலத்தில் பின்னே வரும் பழைய அம்பாஸடரும் நிற்க வேண்டும் அல்லவா? ஆகவே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், மிதிப்பதை எளிதாக்கும் வெற்றிட உதவிக் கருவியும் பொருத்துகிறார்கள். டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மின்சாரம் தருவது மிகக் குறைவு. இரவில் நெரிசலில் நின்றால் விளக்கு மங்கும். ஆகையால் ஆல்டர்னேட்டர் வைக்கிறார்கள். இருக்கைப் பட்டை சேர்க்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அம்பாஸடருக்குக் கம்பெனியே இசுசு எஞ்சினையும் தரையிலிருந்து இயங்கும் ஐந்து கியர்ப் பெட்டியையும் அளித்தது. அவற்றைத் தேடிப் பிடித்துப் பழைய உடலில் பொருத்துவதும் ஒரு வழி. குடும்பத்துக்குள்ளேயே பெண் எடுப்பது போல இது சிக்கல் குறைந்த சம்பந்தம்.

இவையெல்லாம் தேவைக்கான மாற்றங்கள். தேவைக்கு அப்பாற்பட்டவையும் உண்டு. உடலைத் தாழ்த்தி, சக்கரத்தை அகலமாக்கி, புகைக்குழாயை அறுத்து ஊரே அதிர ஓசை எழுப்பும் வண்டிகளையும் காண்கிறோம். ரசனை அவரவர் உரிமை. ஆனால் ஓசைக்கு அண்டை வீட்டாரின் சம்மதம் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஆர்வலரிடையே இரு கட்சிகள் உண்டு. ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு திருகாணிகூடப் பிசகாமல் மீட்டெடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓடுகிற வண்டியே உயிருள்ள வண்டி, ஓடுவதற்கு வேண்டிய மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம் என்பது மற்றொரு கட்சி. அரசாங்கம் எக்கட்சியின் பக்கம் நிற்கிறது என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் வண்டியைச் செய்தவர் குறித்த விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. பதிவு அதிகாரியின் அனுமதி பெற்றுச் செய்யத்தக்க மாற்றங்கள் சில உண்டு. அனுமதியின்றி எஞ்சினையோ உடலமைப்பையோ மாற்றினால் பதிவே ஆட்டம் காணும். இதில் நியாயம் இருக்கிறது. தெருவில் செல்லும் மற்றவர்களின் உயிரும் இதில் அடங்கியிருப்பதால், கைக்கு வந்தபடி வெட்டி ஒட்டிய வண்டிக்கு எவரும் பொறுப்பேற்க முடியாது.

பின்னர் 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. முதற்பதிவு ஆகி ஐம்பது ஆண்டு கடந்து, அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாத வண்டிக்கு வி.ஏ. என்னும் எழுத்துகளோடு தனி எண் வழங்கப்படும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ அதனைப் பயன்படுத்தலாகாது. பழமையைப் பேணும் எண்ணம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இங்கே ஒரு முரண்பாட்டை நான் காண்கிறேன். செல்வந்தர் ஒருவர் வாங்கிக் கொட்டகையில் நிறுத்தி எப்போதோ ஓட்டிய வண்டி மாற்றமின்றி இருப்பதில் வியப்பில்லை. அதற்குத் தனி எண்ணும் மதிப்பும் கிடைக்கின்றன. முப்பது ஆண்டு வாடகைக்கு உழைத்து, அந்த உழைப்பின் காரணமாகவே எஞ்சின் மாறி, வில் மாறி, தகரம் மாறிய டாக்ஸிக்கு அந்த மதிப்பு கிட்டுவது அரிது. ஒரு டாக்ஸியின் வரலாறு அதன் மாற்றங்களில்தானே எழுதப்பட்டிருக்கிறது? டீசல் ஏற்றிய அம்பாஸடரிலிருந்து அந்த டீசலை இறக்கிவிட்டு, எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் எஞ்சினைத் தேடி வைத்தால் அது பழைய வண்டி போலத் தோன்றும். ஆனால் அதனை ஓட்டியவரின் கணக்கும், மாற்றிய மெக்கானிக்கின் திறமையும் அதிலிருந்து துடைக்கப்பட்டிருக்கும். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் பழைய கப்பலையும் ரயில் எஞ்சினையும் காக்கும்போது, எந்த ஆண்டின் நிலையில் அதனைக் காப்பது என்று முதலில் விவாதிக்கிறார்கள். டாக்ஸிக்கும் அந்த விவாதம் வேண்டும்.

எஞ்சினைக் காப்பதைவிடக் கைத்தொழிலைக் காப்பது கடினம். இன்றைய காரில் கோளாறு கண்டால் கணிப்பொறியை இணைத்துக் குறையைப் படிக்கிறார்கள். உறுப்பை முழுதாகக் கழற்றி எறிந்து வேறொன்று வைக்கிறார்கள். அது பிழையன்று, புதிய வண்டிக்கு அதுவே முறை. ஆனால் கார்புரேட்டரின் ஓசையைக் கேட்டே கலவை மிகுதியா குறைவா என்று சொல்லும் செவியும், நெளிந்த தகரத்தைப் பட்டி அதிகம் பூசாமல் சுத்தியலாலும் தாங்குகட்டையாலும் நேராக்கும் கையும் முதியவர்களிடமே எஞ்சியிருக்கின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் மாணவர் எவரேனும் அத்தகைய பட்டறைக்குச் சென்று, சனி ஞாயிறுகளில் பக்கத்தில் நின்று பார்த்தால் பாட நூலில் இல்லாத பலவற்றைக் கற்கலாம். பழைய டாக்ஸி வாங்கும் ஆர்வலர்கள் வேலை கொடுப்பதனால்தான் அப்பட்டறைகளில் சில இன்னும் விளக்கேற்றி வைத்திருக்கின்றன.

வாங்க விரும்புகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றைச் சொல்கிறேன். அது குறிப்பாகக் கடற்கரையோரத்து வண்டிகளுக்கு உரியது. அம்பாஸடர், பியட் இரண்டுக்கும் லாரியைப் போலத் தனி அடிச்சட்டம் கிடையாது. தரையும் பக்கங்களும் கூரையும் சேர்ந்த தகர உடலே வண்டியின் முதுகெலும்பு. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கத்து உப்புக் காற்று அந்தத் தகரத்தை உள்ளிருந்து அரிக்கிறது. கதவுக்கு அடியில் நீளும் பெட்டி போன்ற பகுதியில்தான் அரிப்பு முதலில் தொடங்கும். வெளியே வண்ணம் பளபளக்கும், உள்ளே தகரம் மாவாகியிருக்கும். கதவைத் திறந்தபின் அது மீண்டும் சரியாக மூடவில்லை என்றால் உடலே தொய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் ஒற்றிப் பாருங்கள். காந்தம் பிடித்தால் தகரம். பிடிக்காமல் வழுக்கினால் அங்கே இருப்பது பட்டி. அதன் பிறகு எஞ்சினில் பொறித்த எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் மாறுபட்டால், அம்மாற்றத்துக்கு அனுமதி பெற்ற தாள் எங்கே என்று கேளுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.